செயற்கைக்கோள் படத் தரவுப் பரிமாற்றம்

புவியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களைத் தரை நிலையங்களுக்குக் கொண்டுசேர்க்கும் முறைகள் செயற்கைக்கோள் படத் தரவுப் பரிமாற்றம் எனப்படுகின்றன. எந்த இடத்தை எப்போது படமெடுக்க வேண்டும் என்ற கட்டளைகள் தரையிலிருந்து மேலே செல்வதும், எடுத்த படங்கள் வானொலி அலைகளாகவோ லேசர் ஒளியாகவோ கீழே வருவதும் இதில் அடங்கும். மேலே செல்லும் கட்டளைகள் சிறியவை. நொடிக்குச் சில கிலோபிட் வேகமே அவற்றுக்குப் போதும். கீழே வரும் படங்கள் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு பெரியவை. சிக்கலும் செலவும் பெரும்பாலும் கீழ்நோக்கிய வழியில்தான் உள்ளன.

புதிய செயற்கைக்கோள் ஒன்று ஏவப்படும்போது செய்திகளில் அதன் படக்கருவியின் கூர்மையே பெரிதாகப் பேசப்படும். தரைக்கு அது எவ்வளவு வேகமாகப் படங்களை அனுப்பும் என்ற விவரம் ஓரத்தில் கூட இடம்பெறுவதில்லை. ஆனால் ஒரு செயற்கைக்கோளிலிருந்து நாளொன்றுக்கு எத்தனை படங்கள் கிடைக்கும், வெள்ளமோ புயலோ வந்தால் எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும் என்பவற்றை முடிவுசெய்வது இந்த விவரம்தான்.

படம் எண்களாக மாறுதல்

இன்றைய தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களில் பல, ஒரே சொடுக்கில் முழுப்படம் எடுப்பதில்லை. அவற்றின் படக்கருவியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய ஒளியுணரிகள் ஒரே வரிசையில் அமைந்திருக்கும். செயற்கைக்கோள் முன்னோக்கி நகரும்போது, அகலமான துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டு போவதைப்போல, தரையை வரிவரியாக அது பதிவுசெய்கிறது. ஒவ்வொரு ஒளியுணரியும் தான் பெற்ற ஒளியின் அளவை ஓர் எண்ணாக மாற்றும். அந்த எண்தான் படத்தின் ஒரு படவணு, அதாவது பிக்செல்.

இதன் அளவை அறிய, 1995 டிசம்பர் 28 அன்று ஏவப்பட்ட இஸ்ரோவின் ஐ.ஆர்.எஸ்.-1சி நல்ல எடுத்துக்காட்டு. அதன் கறுப்பு-வெள்ளைப் படக்கருவி 70 கிலோமீட்டர் அகலத்தை 5.8 மீட்டர் பிரிதிறனில் படமெடுத்தது. எனவே ஒரு வரிக்கு ஏறத்தாழ 12,000 படவணுக்கள். 817 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அச்செயற்கைக்கோளின் நிழற்புள்ளி தரையில் நொடிக்கு 6.6 கிலோமீட்டர் நகர்ந்தது. ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 1,140 வரிகள். ஒவ்வொரு படவணுவும் 6 பிட் எண். இம்மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 8.2 கோடி பிட் வருகிறது. அச்செயற்கைக்கோள் உண்மையில் இந்தப் படத் தரவை அனுப்பிய வேகம் நொடிக்கு 84.9 மெகாபிட், அதாவது 8.49 கோடி பிட். மிகுதியானது, வரிகளை அடையாளம் காணவும் நேரத்தைக் குறிக்கவும் சேர்க்கப்பட்ட துணைத் தரவு.

அந்நாளில் கணினிகளை இணையத்துடன் இணைத்த தொலைபேசி மோடத்தின் வேகம் நொடிக்கு 28.8 கிலோபிட். அந்த மோடம் வழியாக அனுப்பினால், இந்தப் படக்கருவியின் ஒரு நொடித் தரவு வந்துசேர முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகும்.

பிரிதிறனை இரு மடங்கு கூர்மையாக்கினால் தரவு நான்கு மடங்காகும் என்பதும் இக்கணக்கிலிருந்து புலப்படும். ஒரு வரியிலுள்ள படவணுக்களும் இரட்டிக்கின்றன, நொடிக்குரிய வரிகளும் இரட்டிக்கின்றன. வண்ணப் படமென்றால் ஒவ்வொரு நிறப்பட்டைக்கும் தனித்தனியே இதே கணக்கு உண்டு.

படச்சுருளும் பாராசூட்டும்

விண்வெளி யுகத்தின் தொடக்கத்தில் படங்களை வானொலி வழியாக அனுப்புவது மிகக் கடினமாக இருந்தது. அமெரிக்காவின் எக்ஸ்புளோரர் 6 செயற்கைக்கோள் 1959 ஆகஸ்டு 14 அன்று சுற்றுப்பாதையிலிருந்து புவியின் முதற்படத்தை அனுப்பியது. பசிபிக் பெருங்கடலின் மேலிருந்த மேகங்களை மங்கலாகக் காட்டிய அந்த ஒரு படம் தரைக்கு வந்துசேர ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆயின.

கூர்மையான படம் தேவைப்பட்ட உளவுத்துறை அதனால் வேறு வழியைத் தேர்ந்தது. அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் படச்சுருளில் படமெடுத்து, அந்தச் சுருளையே ஒரு கலனில் வைத்துக் கீழே போட்டன. வளிமண்டலத்துக்குள் நுழைந்து பாராசூட்டில் இறங்கிய கலனை, ஹவாய் அருகே விமானங்கள் கொக்கிகளைத் தொங்கவிட்டு நடுவானிலேயே பிடித்தன. 1960 ஆகஸ்டில் முதன்முறை வெற்றிபெற்ற இம்முறை 1972 வரை நீடித்தது. படத்தின் தரத்தில் அன்றைய வானொலிப் படங்கள் இதன் அருகில்கூட வரமுடியாது. குறை வேகத்தில் இருந்தது. 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபோது, அதற்கான படைக்குவிப்பைக் காட்டிய படச்சுருள் படையெடுப்பு நடந்த பிறகே ஆய்வாளர்களின் கைக்கு வந்தது. 1976 டிசம்பரில் ஏவப்பட்ட கே.எச்.-11 செயற்கைக்கோளில்தான் படச்சுருள் கைவிடப்பட்டு, படங்கள் எண் வடிவில் தரைக்கு அனுப்பப்பட்டன.

வானிலைத் துறையால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியவில்லை. நேற்றைய மேகத்தின் படத்தால் இன்றைய முன்னறிவிப்புக்குப் பெரிய பயனில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ் 1 செயற்கைக்கோளில் இரு சிறிய தொலைக்காட்சிப் படக்கருவிகள் இருந்தன. தரை நிலையத்தின் பார்வைக்கு வெளியே எடுத்த படங்களைச் சேமிக்க, 32 படங்கள் கொள்ளும் நாடாப் பதிவுக் கருவிகளும் இருந்தன. நியூ ஜெர்சியிலோ ஹவாயிலோ இருந்த நிலையத்துக்கு மேலே வரும்போது நாடா ஓடிப் படங்கள் கீழிறங்கின. 78 நாட்களே இயங்கிய அச்செயற்கைக்கோள் பயன்படுத்தத்தக்க 19,000-க்கும் மேற்பட்ட படங்களைத் தந்தது. எடு, சேமி, நிலையத்தின் மேல் வரும்போது அனுப்பு என்ற அதன் ஒழுங்கே இன்றும் பெரும்பாலான புவி நோக்குச் செயற்கைக்கோள்களில் தொடர்கிறது.

எவரும் பெறக்கூடிய படம்

1963 டிசம்பரில் ஏவப்பட்ட டைரோஸ் 8 வேறொரு வழியைத் திறந்தது. தானியங்கிப் பட அனுப்புமுறை எனப்பட்ட அதில், செயற்கைக்கோள் தான் பார்ப்பதை அந்தந்த நேரத்திலேயே கீழே ஒலிபரப்பிக்கொண்டே செல்லும். எளிய கருவி வைத்திருக்கும் யாரும் அதைப் பெறலாம்; அனுமதியோ கட்டணமோ இல்லை. பெரிய நிலையங்களைக் கட்ட வசதியற்ற நாடுகளின் வானிலைத் துறைகளுக்கு இது பேருதவியாக அமைந்தது.

அமெரிக்காவின் நோவா வகைத் துருவச் செயற்கைக்கோள்கள் இம்முறையைப் பல்லாண்டுகள் தொடர்ந்தன. அவை 137 மெகாஹெர்ட்ஸ் அருகே அனுப்பிய சமிக்ஞையை ஒலியாக மாற்றினால், கடிகாரம் போல டிக்-டாக் என்று ஒலிக்கும் 2,400 ஹெர்ட்ஸ் சுருதி கேட்கும். அச்சுருதியின் உரப்புதான் படத்தின் வெளிச்சம்: உரக்க ஒலித்தால் வெண்மேகம், தணிந்தால் கருங்கடல். நொடிக்கு இரண்டு வரிகள் வீதம் படம் வளரும். இரண்டு உலோகக் கம்பிகளை ஆங்கில வி எழுத்துபோல் பிணைத்த ஆண்டெனாவும், மலிவான யு.எஸ்.பி. வானொலி ஏற்பியும், ஒரு மடிக்கணினியும் போதும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் பலர் விண்வெளியிலிருந்து நேரடியாகப் பெற்ற முதற்படம் இவ்வழியே வந்ததுதான். இச்சேவையில் எஞ்சியிருந்த நோவா 15, 18, 19 ஆகிய மூன்றும் 2025-இல் ஓய்வுபெற்றன. ரஷ்யாவின் மெட்டியோர்-எம் செயற்கைக்கோள்கள் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் எண் முறையில் படங்களை ஒலிபரப்புகின்றன. அவற்றைப் பெறவும் ஏறத்தாழ இதே கருவிகள் போதும்.

நிலையம் இல்லாத நாட்டுக்குப் படமும் இல்லை

1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட் 1 நிலப்பரப்பை ஆராய்வதற்கென்றே அமைந்த முதற் செயற்கைக்கோள். அதன் பன்னிறப்பட்டை வருடி நொடிக்கு 15 மெகாபிட் தரவை உருவாக்கியது. அதிலிருந்த நாடாப் பதிவுக் கருவிகள் ஒவ்வொன்றும் அரை மணி நேரப் பதிவையே தாங்கும். சுழலும் உறுப்புகள் என்பதால் தேய்ந்து பழுதாகவும் செய்யும். ஆகவே அமெரிக்க நிலையங்களின் பார்வைக்கு வெளியேயுள்ள நாடுகள் தங்கள் நிலத்தின் படங்களைத் தொடர்ந்து பெற விரும்பினால், சொந்தமாகத் தரை நிலையம் அமைக்க வேண்டியிருந்தது. கனடாவும் பிரேசிலும் முதலில் அமைத்தன. இந்தியாவில் ஹைதராபாத்துக்குத் தெற்கேயுள்ள ஷாத்நகரில் அமைந்த நிலையம் 1979 முதல் லேண்ட்சாட் தரவைப் பெறத் தொடங்கியது.

1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து இந்தியாவின் முதல் செயல்முறைத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஏவப்பட்டபோது ஷாத்நகரின் இந்தப் பட்டறிவு கைகொடுத்தது. அச்செயற்கைக்கோளில் பதிவுக் கருவியே இல்லை. ஷாத்நகர் ஆண்டெனாவின் பார்வை வட்டத்துக்குள் இருக்கும்போது எடுத்ததை அப்போதே அனுப்பியது. இந்திய நிலப்பரப்பும் இலங்கை உள்ளிட்ட அண்டைப் பகுதிகளும் அவ்வட்டத்துக்குள் அடங்கியதால் உள்நாட்டுத் தேவைக்கு அது போதுமாக இருந்தது. ஐ.ஆர்.எஸ்.-1சி-இல்தான் 62 கிகாபிட் கொள்ளும் நாடாப் பதிவுக் கருவி சேர்க்கப்பட்டு, வெளியிடங்களின் 24 நிமிடத் தரவைச் சுமந்துவர முடிந்தது.

பழைய லேண்ட்சாட் படங்களை இன்று தேடுவோர், சில நாடுகளுக்குப் பல ஆண்டுகள் படமே இல்லாதிருப்பதைக் காணலாம். செயற்கைக்கோள் அந்நாடுகளின் மேல் தவறாமல் சென்றது. படத்தைப் பெறக் கீழே யாரும் இல்லை. வேறு சில பகுதிகளின் படங்கள் அந்தந்த நாட்டு நிலையங்களின் நாடாக்களில் மட்டுமே இருந்தன. அவற்றைத் திரட்டி ஒரே காப்பகத்தில் சேர்க்கும் பணியை அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2010-இல் தொடங்கிப் பல இலட்சம் படங்களை மீட்டது. காடழிப்பு, ஆற்றுப்போக்கு மாற்றம், கடலோர அரிப்பு ஆகியவற்றை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் பார்க்க விரும்பும் ஆய்வாளருக்கு, எந்த ஆண்டில் எங்கே ஆண்டெனா இருந்தது என்பது இன்றும் எல்லை வகுக்கிறது.

சில நிமிடங்கள்

செயற்கைக்கோள் ஒரு தரை நிலையத்தின் அடிவானத்தில் தோன்றி மறுபுற அடிவானத்தில் மறையும் வரையுள்ள நேரம் ஒரு கடப்பு எனப்படும். 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நேர் உச்சியில் கடந்தால் அந்நேரம் அதிகபட்சம் 14 நிமிடம். பெரும்பாலான கடப்புகள் உச்சிக்கு ஒதுங்கியே நிகழ்வதாலும், அடிவானத்தை ஒட்டிய சில பாகைகளில் மரம், கட்டடம், அடர்ந்த காற்று ஆகியவை குறுக்கிடுவதாலும் பயன்படும் நேரம் எட்டு, பத்து நிமிடங்களாகக் குறைகிறது. தென்னிந்தியா போன்ற நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியிலுள்ள ஒரு நிலையத்துக்கு நாளொன்றுக்கு இப்படிப்பட்ட கடப்புகள் ஏறத்தாழ நான்குதான் கிடைக்கும். மொத்தத்தில் 24 மணி நேரத்தில் முக்கால் மணி நேரம்கூட முழுதாகத் தேறாது.

2013-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8 நொடிக்கு 384 மெகாபிட் வேகத்தில் தரவை இறக்குகிறது. எட்டு நிமிடக் கடப்பில் ஏறத்தாழ 23 கிகாபைட் இறங்கும். அதன் சேமிப்புக் கருவியின் கொள்ளளவோ 3.14 டெராபிட். முழுதாக நிரம்பிய நினைவகத்தைக் காலிசெய்ய இடைவிடாமல் இரண்டேகால் மணி நேரம் அனுப்ப வேண்டும். எட்டு நிமிடக் கடப்புகளாக எண்ணினால் பதினேழு. ஒரே நிலையத்தை நம்பினால் இதற்கே நான்கு நாட்களாகும், அதற்குள் புதிய படங்கள் குவிந்துவிடும். எனவேதான் பெரிய தொலையுணர்வுத் திட்டங்கள் பல நிலையங்களைப் பயன்படுத்துகின்றன.

கிடைக்கும் நிமிடங்களும் ஒரே தரமானவையல்ல. 700 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோள் உச்சியில் இருக்கும்போது தொலைவு 700 கிலோமீட்டர். அடிவானத்தில் இருக்கும்போது 3,000 கிலோமீட்டருக்கும் மேல். தொலைவு இரு மடங்கானால் வந்துசேரும் ஆற்றல் கால்பங்காகும் என்பதால், அடிவானத்தில் சமிக்ஞை உச்சியில் இருப்பதைவிட ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. பழைய செயற்கைக்கோள்கள் இந்த மோசமான நிலையையே அளவாகக் கொண்டு கடப்பு முழுவதும் ஒரே வேகத்தில் அனுப்பின. புதியவற்றில் சில, தாழ்வாக இருக்கும்போது மெதுவாகவும் உச்சியை நெருங்கும்போது வேகமாகவும் அனுப்பும்படி அமைக்கப்படுகின்றன.

அலைவெண்களும் ஆண்டெனாவும்

படத் தரவை இறக்கப் பரவலாகப் பயன்படுவது எக்ஸ் பேண்ட். இதில் 8,025 முதல் 8,400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி புவி நோக்குச் செயற்கைக்கோள்களுக்குப் பன்னாட்டு விதிகளின்படி ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த 375 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத்தான் உலகின் நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள்கள் பகிர்ந்துகொள்கின்றன. அதே அகலத்தில் இரு மடங்கு தரவைப் புகுத்த, வலஞ்சுழியாகச் சுழலும் அலையில் ஒரு தரவோட்டமும் இடஞ்சுழியாகச் சுழலும் அலையில் இன்னொரு தரவோட்டமும் அனுப்புவதுண்டு. கட்டளைகளுக்கும் நலத் தகவல்களுக்கும் தாழ்ந்த அலைவெண்ணான எஸ் பேண்ட் பயன்படுகிறது. செயற்கைக்கோள் தடுமாறிச் சுழன்றாலும் தொடர்பு அறுபடாமல் இருப்பது அங்கே வேகத்தைவிட முக்கியம்.

தரையிலுள்ள கிண்ண ஆண்டெனாவின் விட்டம் பொதுவாக 7 மீட்டர் முதல் 12 மீட்டர் வரை இருக்கும். 7.5 மீட்டர் கிண்ணம் எக்ஸ் பேண்டில் பார்க்கும் கோணம் அரைப் பாகைக்கும் குறைவு. வானில் முழு நிலா அடைக்கும் இடத்தைவிடச் சிறியது. அந்தச் சிறு வட்டத்துக்குள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பொருளை விடாமல் வைத்திருக்க வேண்டும். சமிக்ஞையின் வலிமை எந்தப் பக்கம் கூடுகிறது என்பதை உணர்ந்து ஆண்டெனா தானே திரும்பும். வேடிக்கை என்னவென்றால், சமிக்ஞை மிக வலிமையாக இருக்கும் நேர் உச்சிதான் ஆண்டெனாவைச் சுழற்றுவோருக்குத் தலைவலி. கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் மட்டும் திரும்பும் தாங்கி, உச்சியில் கண்நேரத்தில் அரைவட்டம் சுழல வேண்டியிருக்கும். அது முடியாமல் சில நொடித் தரவு தவறிப்போகும். இதைத் தவிர்க்கவே சாய்ந்த மூன்றாவது அச்சு சேர்க்கப்படுகிறது.

நெருங்கிவரும் இரயிலின் ஊதல் ஓங்கியும் விலகும் இரயிலின் ஊதல் தணிந்தும் கேட்பது போன்ற டாப்ளர் விளைவும் இங்கே உண்டு. எக்ஸ் பேண்டில் ஒரு கடப்பின் தொடக்கத்தில் அலைவெண் ஏறத்தாழ 180 கிலோஹெர்ட்ஸ் கூடியும், முடிவில் அதே அளவு குறைந்தும் தெரியும். ஏற்பி அதைத் தொடர்ந்து ஈடுசெய்துகொண்டே இருக்கும்.

சுருக்குதலும் பிழைதிருத்தமும்

இறக்கும் வழி குறுகலாக இருக்கும்போது அனுப்புவதைச் சுருக்குவது இயல்பான தீர்வு. 2005 மே 5 அன்று ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1-இன் இரு படக்கருவிகளும் 2.5 மீட்டர் பிரிதிறன் கொண்டவை. ஒவ்வொன்றும் நொடிக்கு 330 மெகாபிட்டுக்கும் மேல் உருவாக்கியது. அதை 3.2 மடங்கு சுருக்கி, நொடிக்கு 105 மெகாபிட்டாக அனுப்பினர். இவ்வளவு சுருக்கினால் மூலத் தரவின் நுண்விவரங்கள் சிறிதளவு திரும்பக் கிடைக்காது. கண்ணால் பார்க்கும் வரைபடத்துக்கு அது பொருட்டல்ல. பயிரின் நலத்தையோ கடல்நீரின் நிறத்தையோ எண்களாக அளக்கும் ஆய்வில் சிறு மாற்றமும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லலாம் என்பதால், அத்தகைய கருவிகளுக்கு இழப்பற்ற சுருக்கமே விரும்பப்படுகிறது. படத்தின் இயல்பைப் பொறுத்தாலும் அதில் தரவு பாதியளவு குறைந்தாலே நல்ல பயன்தான்.

சுருக்கிய தரவுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சுருக்காத படத்தில் ஒரு பிட் பிறழ்ந்தால் ஒரு படவணு கெடும். சுருக்கிய படத்தில் ஒரு பிட் பிறழ்ந்தால் ஒரு பெரும் பகுதியே சிதையலாம். தொலைபேசியில் போல "மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்கவும் பெரும்பாலும் வாய்ப்பில்லை. ஓட்டம் ஒருவழியானது, செயற்கைக்கோள் சில நிமிடங்களில் மறைந்துவிடும். அதனால் பிழை நேரும் என்று எதிர்பார்த்தே தரவு கட்டமைக்கப்படுகிறது. பரவலாகப் பயன்படும் ரீட்-சாலமன் குறியீட்டில் 223 பைட் தரவுக்கு 32 பைட் சரிபார்ப்புத் தகவல் சேர்க்கப்படும். இந்த 255 பைட்டில் எந்த 16 பைட் கெட்டுப்போனாலும் தரை நிலையக் கணினி மூலத் தரவை முழுதாக மீட்டுவிடும். ஒவ்வொரு சட்டத்தின் தலைப்பிலும் மாறாத ஓர் அடையாளத் தொடர் இருக்கும். இடைவிடாது பாயும் பூஜ்ஜியங்களிலும் ஒன்றுகளிலும் படம் எங்கே தொடங்குகிறது என்பதை ஏற்பி அதைக்கொண்டே கண்டுபிடிக்கிறது. 1982-இல் உருவான விண்வெளித் தரவு முறைமைகளுக்கான ஆலோசனைக் குழு இந்த வடிவங்களைப் பொதுமைப்படுத்தியதால், ஒரு நாட்டின் செயற்கைக்கோளுக்கு இன்னொரு நாட்டின் நிலையம் உதவமுடிகிறது.

துருவங்களை நாடி

துருவச் சுற்றுப்பாதையிலுள்ள செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் இரு துருவங்களையும் நெருங்கிச் செல்லும். ஆகவே துருவத்துக்கு அருகிலுள்ள நிலையம் நாளின் பதினான்கு சுற்றுகளிலும் அதைப் பார்க்கும். நார்வேயின் சுவால்பார்டு தீவில், வட அகலாங்கு 78 பாகையில், பனிமலை ஒன்றின்மேல் 1997-இல் இத்தகைய நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே இறங்கும் படங்களை உலகுக்குக் கொண்டுசெல்ல 2004 முதல் இரண்டு கடலடி ஒளியிழைக் கம்பிகள் உள்ளன. 2022 ஜனவரியில் அவற்றில் ஒன்று சேதமடைந்தபோது, பனித்தீவில் கிடக்கும் ஒரு கம்பியை எத்தனை நாடுகளின் படங்கள் நம்பியுள்ளன என்பது வெளியுலகுக்கும் தெரியவந்தது.

தென்முனைப் பக்கம், அண்டார்க்டிகாவின் பாரதி ஆய்வு நிலையத்தில் இந்தியா 2013-இல் ஒரு தரை நிலையம் அமைத்தது. அங்கே கடலடிக் கம்பி கிடையாது. இந்தியச் செயற்கைக்கோள்களின் படங்கள் அங்கே இறங்கி, தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் வழியாக மீண்டும் மேலேறி ஷாத்நகரை அடைகின்றன.

தரையில் நிலையம் தேடுவதற்குப் பதில், உயரத்தில் நிற்கும் இன்னொரு செயற்கைக்கோளுக்கே படத்தை அனுப்புவதும் உண்டு. 1982-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 4-இன் எக்ஸ் பேண்ட் அனுப்பி சில மாதங்களில் பழுதானது. 1983 ஏப்ரலில் ஏவப்பட்ட அமெரிக்க அஞ்சல் செயற்கைக்கோள் இருந்ததால்தான் அதன் புதிய படக்கருவியின் தரவைத் தொடர்ந்து பெறமுடிந்தது. ஐரோப்பாவின் அஞ்சல் அமைப்பு, சென்டினல் செயற்கைக்கோள்களிடமிருந்து நொடிக்கு 1.8 கிகாபிட் வரை லேசர் வழியாகப் பெற்று, புவிநிலைச் சுற்றுப்பாதையிலிருந்து தரைக்கு அனுப்புகிறது.

புயலைப் பார்த்துக்கொண்டே இருத்தல்

இந்தச் சில நிமிடச் சிக்கல் அறவே இல்லாத வகை ஒன்றும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் புவியுடன் சேர்ந்து சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். தரையிலுள்ள கிண்ணத்தை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். இதற்குரிய விலை தொலைவு: 700 கிலோமீட்டர் உயரத்தோடு ஒப்பிட்டால் சமிக்ஞை 2,600 மடங்கு வலுக்குறைந்து வருகிறது. பிரிதிறனும் குறையும். 2013 ஜூலையில் ஏவப்பட்ட இன்சாட்-3டி கட்புல ஒளியில் ஒரு கிலோமீட்டரையும், வெப்ப அகச்சிவப்பில் நான்கு கிலோமீட்டரையும் ஒரு படவணுவாகக் காண்கிறது. முழுப் புவிவட்டத்தையும் வருட அதற்கு 26 நிமிடம் ஆகும். 2016-இல் இன்சாட்-3டிஆர் சேர்ந்த பின் இரண்டும் மாறிமாறிப் படமெடுத்து இடைவெளியைக் கால் மணி நேரமாகக் குறைத்தன.

வங்கக் கடலின் நடுவே உருவாகும் புயலை அளக்க அங்கே வானிலை நிலையம் இல்லை. கப்பல்களும் விலகிப் போய்விடும். அடுத்தடுத்த படங்களில் மேகச்சுழி எவ்வளவு நகர்ந்தது, அதன் கண் தெளிவடைகிறதா, மேக உச்சியின் வெப்பநிலை எவ்வளவு தாழ்ந்தது என்பவற்றைக்கொண்டே வானிலையாளர்கள் புயலின் திசையையும் வலிமையையும் மதிப்பிடுகின்றனர். சென்னையிலுள்ள புயல் எச்சரிக்கை மையம் மீனவர்களுக்கும் துறைமுகங்களுக்கும் விடுக்கும் எச்சரிக்கைகளின் பின்னால் இந்தப் படவரிசை இருக்கிறது. இங்கே ஒரு மீட்டர் கூர்மையால் பயனில்லை. அடுத்த படம் நேரத்துக்கு வரவேண்டும் என்பதுதான் தேவை.

தரையில் இறங்கிய பிறகு

ஆண்டெனாவில் வந்துசேர்வது உடனே பார்க்கத்தக்க படமாக இராது. முதலில் சட்டங்கள் அடையாளம் காணப்பட்டு, பிழைகள் திருத்தப்பட்டு, சுருக்கம் விரிக்கப்படும். ஒளியுணரிகள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட உணர்திறன் கொண்டவை என்பதால், அதைச் சமன்செய்யாவிட்டால் படத்தில் கோடுகோடாகத் தெரியும். பின்னர் செயற்கைக்கோள் அந்நொடியில் எங்கே இருந்தது, எப்படிச் சாய்ந்திருந்தது என்ற துணைத் தரவைக்கொண்டு ஒவ்வொரு படவணுவுக்கும் அகலாங்கும் நெட்டாங்கும் கணிக்கப்படும். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற நேரங்களில் துல்லியமான திருத்தங்களுக்குக் காத்திராமல் விரைவுப் படம் ஒன்றை முதலில் வெளியிடுவது வழக்கம். மீட்புப் படகு எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று முடிவெடுக்க, சில படவணுக்கள் தள்ளியிருக்கும் படமும் போதும்.

கேஏ பேண்டும் லேசரும்

எக்ஸ் பேண்டின் 375 மெகாஹெர்ட்ஸ் புதிய கருவிகளுக்குப் போதவில்லை, குறிப்பாக ரேடார்களுக்கு. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நிசார், 26 கிகாஹெர்ட்ஸ் அருகேயுள்ள கேஏ பேண்டில் நொடிக்கு 3.5 கிகாபிட் வேகத்தில் தரவை இறக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அந்த அலைவெண்ணில் இடம் தாராளம். ஆனால் மழைத்துளிகள் அதை எக்ஸ் பேண்டைவிட வெகுவாக உறிஞ்சும். பருவமழை வலுத்த இடத்தில் நிலையத்தை அமைத்தால் வெள்ளப் படம் தேவைப்படும் நாளிலேயே இணைப்பு தடுமாறும்.

லேசர் இன்னும் வேகமானது. நாசாவின் டிபேர்டு சோதனைக் கருவி 2023-இல் சிறிய செயற்கைக்கோள் ஒன்றிலிருந்து கலிபோர்னியாவிலுள்ள தரை நிலையத்துக்கு நொடிக்கு 200 கிகாபிட் வேகத்தை எட்டியது. அந்த வேகத்தில் லேண்ட்சாட் 8-இன் நிரம்பிய நினைவகம் பதினாறு நொடிகளில் காலியாகும். லேசருக்குத் தடை மேகம். மெல்லிய மேகப்படலமே ஒளிக்கற்றையை மறித்துவிடும். எனவே ஒளியியல் தரை நிலையங்களுக்கு வறண்ட மலையுச்சிகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஓரிடத்தில் வானம் மூடினால் இன்னோரிடத்தில் திறந்திருக்கும்படி, ஒரே வானிலை அமைப்புக்குள் சிக்காத தொலைவில் பல நிலையங்களை அமைப்பதும், மூடிய நிலையத்தைக் கடக்கும்வரை படங்களைச் செயற்கைக்கோளின் நினைவகத்திலேயே வைத்திருப்பதும் இதற்கான வழிகளாக உள்ளன.